எடுக்காத அழைப்புகள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கதவோரத்து நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. குடும்பநல ஆலோசகரின் அறைக்கு மனைவியோடு அவன் வருவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏசியின் கரகரப்பையே கேட்டுக்கொண்டிருந்தான். கழற்றிப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. யாரும் கேட்கவில்லை.

ஆலோசகர் அவன் மனைவியைப் பார்த்து, "இன்னிக்கு எங்கிட்ட சொல்ல வேண்டாம்மா. அவர்கிட்டயே சொல்லுங்க. நடுவுல அவர் பேச மாட்டார்" என்றார்.

அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பதினோரு மாசமா நீங்க என் ஃபோனை எடுக்கறதில்ல. ஆபீஸ்ல இருந்து வந்தா எடுக்கறீங்க. ராங் நம்பர்னா கூட நின்னு பதில் சொல்றீங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப ஒன்பது வாட்டி பண்ணேன்." குரல் உயரவேயில்லை. "இன்னொருத்தி இருந்தா சொல்லிடுங்க. நான் ஊரைக் கூட்ட மாட்டேன். இப்படி நடுவுல நிக்கறதுதான் முடியல."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மூன்று மாடியையும் படியிலேயே இறங்கினான். சாவிக்கடையைத் தாண்டி, சிக்னல் வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி, மறுபடி சிக்னலுக்கே போனான். இன்னொருத்தியாம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தான். அவளோ இதை நெஞ்சில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். விறுவிறுவென்று படியேறினான். அறைக்குள் வந்தும் உட்காரவில்லை.

"எங்கூட வேலை பார்த்த நெட்டையன் பதினோரு மாசம் முன்னாடி விழுந்தான்ல, அன்னிக்கு லிஃப்ட்டுக் கூண்டு மேல ஏற வேண்டியது நான். சேஃப்டி பெல்ட்டு கூட மாட்டிட்டேன். அப்பத்தான் நீ ஃபோன் பண்ணே. 'நீ பேசுடா, நான் பார்த்துக்கறேன்'னு அவன் ஏறிட்டான். பெல்ட்டு மாட்டல. உங்கூட பேசிட்டிருக்கேன், அவன் விழற சத்தம் கேக்குது."

அவள் முகம் வெளுத்தது. "நான் என்ன பேசினேன் அன்னிக்கு?"

"வாஷிங் மெஷின் ஒழுகுதுன்னே."

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"ஃபோன்ல உன் பேரைப் பார்த்தாலே அந்தச் சத்தம் வருது. சொன்னா உன்னாலதான்னு நீ எடுத்துப்பே. அதான் சொல்லல."

"அதுக்கு நான் வேற மாதிரி நினைச்சு வேகட்டும்னு விட்டுட்டீங்க." இப்போதுதான் அவள் குரல் நடுங்கியது. "எது என்னால தாங்க முடியும், எது முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணீங்க."

ஆலோசகர் அவளை அழவிட்டார். பிறகு அவனிடம், அந்தச் சத்தம் ஒரே நாளில் போய்விடாது என்றும், அதற்கு அவன் மட்டும் தனியாகச் சில வாரங்கள் வர வேண்டும் என்றும் சொன்னார். புதன்கிழமை என்று குறித்துக்கொண்டார்கள்.

"விழுந்த உங்க ஃப்ரெண்டை அப்புறம் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியில ஒரு தடவை. மயக்கத்துல இருந்தான்."

தெருவில் அவள் முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"எங்க போறே?"

"நெட்டையண்ணன் வீட்டுக்கு. வர்றதுன்னா வாங்க."

நெட்டையன் கட்டிலில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். தொடைக்குள் கம்பி வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள்தான் முதலில் பேசினாள். "அண்ணே, அன்னிக்கு ஃபோன் பண்ணது நான்தான்."

"தெரியும்மா. பெல்ட்டு மாட்டாம ஏறுன்னு நீயா சொன்னே?" என்றவன் நண்பன் பக்கம் திரும்பினான். "உன்மேலதான்டா கோவம். விழுந்ததுக்கு இல்ல. எட்டிக்கூடப் பார்க்கலியே."

மெக்கானிக்குக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் விட்டான், எடுத்தான். திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. நெட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டான். மெக்கானிக் ஓரமாக உட்கார்ந்தான்.

"அந்த ஏழு மாடிக் கட்டடம் முடிஞ்சுதா?" என்று கேட்டான் நெட்டையன்.

"எங்கடா முடிஞ்சுது? மூணாவது லிஃப்ட்டு இன்னும் ஆடுது."

"எந்த மாடியில?"

மெக்கானிக் இரண்டு கையாலும் காட்டி விளக்க ஆரம்பித்தான். மனைவி அவன் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.