தேதி இல்லாத ஞாபகம்

கதவு சரியாக மூடாதவரை லிப்ட் நகரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளக் கதவுகளில் ஒரு மின்காவல் உண்டு. பழுது பார்க்கும்போது அந்தக் காவல் எங்களையும் வேலை செய்ய விடாது என்பதால், கன்ட்ரோல் பெட்டியில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு ஒயரைச் செருகி அதன் வாயை அடைப்போம். ஜம்பர் என்று பெயர். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். மறந்தால் கதவு திறந்தபடியே லிப்ட் கிளம்பிவிடும். அப்போது பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிற ஆளின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மறதியின் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் என் ஜம்பரைப் பைக் சாவியோடு சேர்த்தே கட்டிவைத்திருப்பேன். கை நீளத்துக்குச் சிவப்பு ஒயர். அதை உருவாமல் நான் வீடு போய்ச் சேர முடியாது. கூட்டாளிகள் 'வால்சாவி' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. பதினெட்டு வருடமாக என் லிப்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அன்று அந்தச் சிவப்பு ஒயர் என்னிடம் இல்லை. முந்தின நாள் ஒரு கூட்டாளி இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தரவில்லை. காலையில் ஐந்து மாடிக் கண் மருத்துவமனை ஒன்றில் வேலை. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. பையின் அடியில் கிடந்த துண்டுக் கறுப்பு ஒயரைச் செருகிக்கொண்டு பூட்டை மாற்றினேன். பதினொன்றரைக்கு லிப்டை ஓடவிட்டு, வரவேற்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியைத் திருகி வீடு வந்து சேர்ந்தேன்.

சாப்பிட உட்கார்ந்து இரண்டாவது கவளத்தை வாயில் வைக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கறுப்பு ஒயரை உருவினேனா?

பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கறுப்புத் துண்டுகள் நாலைந்து விழுந்தன. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. காலையில் செருகியது இதில் இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கடவுளுக்குத் தெரியும்!

எதிரே என் மனைவியின் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்லூரியில் ஞாபகசக்தியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் குடையை மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆள். புரொபசர் என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன மாமா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் காட்சி பளிச்சென்று வந்துவிட்டது. இரண்டு விரலால் ஒயரைப் பிடிக்கிறேன், இழுக்கிறேன், 'டிக்' என்று முனை கழல்கிறது. உயிர் திரும்பி வந்தது.

"எடுத்துட்டேன்டா மாப்ளே! கண்ணு முன்னாடி நிக்குது. சும்மா பயந்துட்டேன்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அந்தக் காட்சில வேற என்னவெல்லாம் தெரியுது?"

"என்ன தெரியும்? என் கை. பெட்டி. ஜன்னல் வழியா வெயில் மணிக்கட்டுல விழுது, சுள்ளுனு."

அவன் வெளியே பார்த்தான். நானும் பார்த்தேன். விடியற்காலையிலிருந்து விடாமல் மழை. கன்ட்ரோல் பெட்டி இருக்கிற மொட்டைமாடி மிஷின் ரூமில் காலை முழுக்க நான் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

"மாமா, ஒரே வேலைய ஆயிரம் தடவ செஞ்சா, மூளை ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்து வைக்காது. எல்லாத்தையும் சேத்து ஒண்ணாக்கிடும். தேடும்போது அதுலேர்ந்து எதையாவது எடுத்து நீட்டும். அதுல தேதி இருக்காது."

"அப்ப இன்னிக்கு நடந்தது எங்கடா?"

"வேற யோசனைல செஞ்சிருந்தா, அது உள்ளயே போயிருக்காது. இல்லாதத எவ்வளவு தேடினாலும் கெடைக்காது மாமா. உக்காந்து யோசிக்காதீங்க. யோசிக்க யோசிக்க வெயில்தான் ஜாஸ்தியாகும். போன் பண்ணுங்க."

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள்.

"லிப்ட்ல யாரையும் ஏத்தாதீங்க. ஒவ்வொரு மாடிலயும் கதவுக்கு முன்னாடி ஒரு ஆள நிக்க வைங்க. இப்பவே!"

"கண்ணுல கட்டுப் போட்டவங்கள எப்படி சார் படில எறக்குறது? நீங்கதானே காலைல சரி பண்ணீங்க?"

"நான்தாம்மா. அதனாலதான் சொல்றேன்."

மழையில் பைக்கை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கண்ணில் கட்டோடு யாரோ ஒருவர் லிப்டுக்குள் கால் வைத்துக்கொண்டே இருந்தார். வேலை போனால் போகட்டும், கைவிலங்கு மாட்டினாலும் மாட்டட்டும், ஒரு உயிர் மட்டும் போகக் கூடாது என்று வழியெல்லாம் கெஞ்சினேன். யாரிடம் கெஞ்சினேன் என்றும் தெரியாது.

ஐந்து மாடியையும் படியில் ஓடி ஏறினேன். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு ஒயர்களுக்கு நடுவே கறுப்பாக, சமர்த்தாக, அது அங்கேயே இருந்தது.

உருவி எடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் கீழேயே கூச்சலாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கி வரும்போது மூன்றாம் மாடியில் லிப்ட் வாசலை மறித்து ஒரு நர்ஸ் நின்றிருந்தார்.

"சார், நெஜமாவே ஏதாவது கோளாறா? பன்னெண்டரைக்கு இங்க சிகிச்சைக்கு வந்த ஒரு தையல்காரம்மா கத்துனாங்க, கதவு தெறந்திருக்கும்போதே லிப்ட் ஏறுச்சுன்னு. நாங்கதான், கண்ணுல மருந்து விட்டிருக்கு, தலை சுத்தியிருக்கும்னு சொல்லிப் படுக்க வச்சோம்."

அந்த அம்மா ஜன்னலோரக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கண்ணில் கட்டு. லிப்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. எனக்குத்தான் தலை சுத்திடுச்சு. கதவு மூடித்தான் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. பாவம், இவங்களப் போட்டுக் கத்திட்டேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மிஷின் ரூமில் இருந்ததைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள், நாலு பேர் அன்பாகச் சொன்னதில், அவர் தலைக்குள் கதவு மூடிவிட்டது. நான் தலையாட்டிவிட்டுப் போனால் போதும், என் வேலை பிழைத்துவிடும். எனக்காக அவரே சாட்சி சொல்வார், அதுவும் சத்தியமாக நம்பிச் சொல்வார். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"இல்லம்மா. கதவு மூடல. நான்தான் ஒரு ஒயர எடுக்காம விட்டுட்டேன். நீங்க கத்துனதுதான் நெஜம்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவின் சிரிப்பு மெல்லக் கழன்றது. கட்டில்லாத கண் சுவரையே பார்த்தது. கை தானாக இறங்கி இடது கணுக்காலைத் தடவியது.

"அப்ப... யாரோ கால இழுத்த மாதிரி இருந்துச்சே... நான் வெடுக்குனு உருவுனேனே... அது?"

"நெஜம்மா."

இரண்டு கால்களையும் சட்டென்று கட்டில்மேல் தூக்கிக்கொண்டார். நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே வலது கால் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

மற்றதைத் தேடி நான் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிற லிப்ட் குழிக்குள் இறங்கினேன். மூலையில் கிரீஸ் கறைக்குள் கிடந்தது. முன்பக்கம் முழுசாக இருந்தது. குதிகால் பக்கம் தகடாக நசுங்கியிருந்தது. மேலேயிருந்து நர்ஸ், "கெடைச்சுதா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏறி வர எனக்குக் கால் வரவில்லை.