முன்வரிசையிலிருந்து வந்த காற்று

புயல் காட்சியில் கரபியின் கண் முதலில் போவது மேடையின் வலப்பக்க மறைவுக்குத்தான். அங்கே பெரிய இரும்பு விசிறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து, ஊர் ஊராக நாடகக் கூடாரம் அடித்த ஒவ்வொரு சீசனிலும், அவள் கணவன் ககேன் அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் காற்றுக் கொடுத்தான். கரபி வசனத்தை முடித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவன் ரெகுலேட்டரைத் திருப்புவான். காற்று வரும்போது அவன் லேசாகச் சிரிப்பதும் தெரியும். ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் அது அவர்கள் இருவருக்கு மட்டுமான விஷயம்.

இந்த சீசனில் முக்காலி காலியாகக் கிடந்தது.

கௌஹாத்தியிலிருந்து ககேன் ஒரு ரிமோட் வாங்கி வந்திருந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். நான்கு விசிறிகளையும் எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். நாடகக் கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம். இரட்டை மேடையில் ஒரு மேடைக்கும் இன்னொரு மேடைக்கும் நடுவே வயரைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டியதில்லை. கரபிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. காற்று நேரத்துக்கு வந்தது. ஆனால் அதை அனுப்பியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

"எங்கேயிருந்து போடுறீங்க?" என்று கேட்டால், "ஹாலுக்குள்ள எங்கேயாவது. ஜனங்க பக்கத்துலேர்ந்து பார்த்தாத்தான் காத்து எப்படித் தெரியுதுன்னு புரியும்" என்பான். அதற்கு மேல் பேச்சு வளராது.

பேச்சே வளர்வதில்லை என்பதுதான் அவளை அரித்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. படுக்கையில் விளக்கை அணைத்துவிட்டு ஏதாவது சொன்னால் "தூக்கம் வருது" என்று முடித்துவிடுவான். முன்பெல்லாம் இருட்டில்தான் அதிகம் பேசுவான். போன் அடித்தால் எடுப்பதில்லை. பிறகு மூலையில் போய் உட்கார்ந்து மெசேஜ் தட்டுவான். சாப்பிடும்போது மட்டும் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மீன் புளிக்குழம்பில் முள் இருப்பதுகூட அவனுக்கு மறந்துபோகும். குற்றம் செய்தவன்தான் பெண்டாட்டியை அப்படிப் பார்ப்பான் என்று கரபிக்குத் தோன்றியது.

டிஹூ என்ற ஊரில் முகாம் போட்ட முதல் நாள், உடைகளைப் பார்த்துக்கொள்ளும் தருலதா அக்கா பால் விடாத சிவப்புத் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் பாக்கு.

"உன் வீட்டுக்காரரு எங்க உக்காருறாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்டி."

"எங்க?"

"முன்வரிசையில. நட்ட நடுவுல. வாயைப் பொளந்துக்கிட்டு மேடையையே பார்த்துட்டு இருக்காரு. கண்ணு சிமிட்டணுமேங்கிற நினைப்புகூட இல்ல."

"என்னைத்தான் பார்ப்பாரு. அதுக்கென்ன?"

தருலதா சிரித்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கப்புறம் பெண்டாட்டியைக் காசு கொடுத்த ஆளு மாதிரி முன்வரிசையில உக்காந்து பார்க்கிறவனை நான் பார்த்ததில்லம்மா. புயல் காட்சியில, படகுல உன் பக்கத்துல யாரு நிக்கிறா?"

படகில் அவள் பக்கத்தில் நிற்பவள் நிலாக்ஷி. சினிமாவிலிருந்து இந்த வருஷம் வந்த கதாநாயகி. புயலில் அவள் தோளில் போர்த்திய பட்டுச் சாதர் பறக்கும்போது கூட்டம் கைதட்டும். அந்தச் சாதரைப் பறக்கவைப்பவன் ககேன்.

கரபி தேநீரைக் கீழே வைத்தாள். அன்று மதியம் கணவனின் போனை எடுத்துப் பார்த்தாள். மெசேஜ்கள் பெரும்பாலும் முதலாளி ஹரேன் மேதிக்குப் போனவை. 'சொல்லுங்கண்ணே, எழுதி அனுப்புங்க.' நிலாக்ஷியின் பெயர் எங்கும் இல்லை. அதனால் அவள் சந்தேகம் குறையவில்லை. அழித்திருப்பான் என்று நினைத்தாள்.

முதலாளிக்கோ வேறு சந்தேகம். மாக மாதம் பிறந்ததும் அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை எல்லாக் கம்பெனியிலும் தொடங்கிவிடும். நடிகர்களை மட்டுமல்ல, விளக்குக்காரனையும் காற்றுக்காரனையும்கூட இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கரபியைப் பார்த்ததும் அவர் நேராகக் கேட்டார்:

"உன் புருஷன் என் போனை ஏன் எடுக்க மாட்டேங்கிறான்? வேற கம்பெனிக்குக் கை கொடுத்துட்டானா?"

"எனக்குத் தெரியாதண்ணே."

"உனக்குத் தெரியாம என்ன? ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஒப்பந்தம். அவன் போனா நீயும் போற மாதிரிதான். நாளைக்குக் காலையில கையெழுத்து. இன்னிக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

எனக்கும்தான் வேணும் என்று கரபி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் யாரைப் பார்க்கிறான் என்று அன்றைய முதல் ஆட்டத்திலேயே தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தாள். புயல் காட்சியில் அவளுக்கு ஒரு வரி உண்டு: "அதோ பாரு, வடக்கே கறுத்துடுச்சு!" அதைச் சபையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் இடி, மின்னல், காற்று. இன்று அந்த வரியைச் சபைக்கு முதுகு காட்டிச் சொன்னால்? அவன் கண் தன் மேல் இருந்தால் ஏதோ மாறிவிட்டது என்று ஒரு கணம் தடுமாறுவான். நிலாக்ஷி மேல் இருந்தால், ஒன்றுமே கவனிக்காமல் வழக்கம்போலக் காற்றைப் போடுவான். அந்த ஒரு கணம் போதும் அவளுக்கு.

படகு சக்கரத்தில் அசைந்தபடி மேடைக்கு வந்தது. நிலாக்ஷி முன்னால் நின்றாள். கரபி மெல்லத் திரும்பி, பின்திரையில் வரைந்திருந்த மேகத்தைக் காட்டி, குரலை உயர்த்திச் சொன்னாள்.

"அதோ பாரு, வடக்கே கறுத்துடுச்சு!"

மைக்கில் அவள் குரல் கடைசி வரிசைவரை போனது. இடி முழங்கியது. மின்னல் வெட்டியது.

காற்று வரவில்லை.

ஒரு கணம் அல்ல. வரவே இல்லை. நிலாக்ஷி சாதரின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பறக்காத துணியோடு நின்றாள். கூட்டத்தில் ஒருவன், "காத்துக்கு டிக்கெட் கிடைக்கலையாம்டா!" என்று கத்த, கூடாரமே சிரித்தது.

"அக்கா, என்ன ஆச்சு?" என்று நிலாக்ஷி உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

கரபி தாமதிக்கவில்லை. சட்டென்று சபையின் பக்கம் திரும்பி அதே வரியை இன்னொரு முறை சொன்னாள். அவள் வாய் மூடுவதற்குள் நான்கு விசிறியும் ஒன்றாகச் சுழன்றன. சாதர் பறந்தது. கைதட்டல்.

விசிறியின் இரைச்சலில் நின்றபடியே அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. நிலாக்ஷியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவள் சாதரைத் தூக்கியபோதே போட்டிருப்பான். மின்னலைப் பார்த்திருந்தால் அதற்காவது போட்டிருப்பான். அவன் இரண்டையும் பார்க்கவில்லை. கூடாரம் முழுக்கக் கேட்ட குரல் அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது கரபியின் வாயை.

திரும்பிப் பார்க்காத முதுகு. இருட்டில் வராத பேச்சு. எடுக்காத போன். இத்தனை வருஷம் அந்த இரும்பு விசிறியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காது.

மீதிக் காட்சி முழுவதும் அவள் யாரைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தாலும் முகத்தை முன்வரிசைப் பக்கமே வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் ஹரேன் மேதி மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். ககேனை அங்கேயே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

"ஜனங்க சிரிக்கிறாங்கடா! வேணும்னுதானே செஞ்ச? எவன் சொல்லிக் கொடுத்தான்?" அவர் கோபம் வந்தால் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே, ககேனுக்கு முதுகு காட்டிக் கேட்டார். "போறதா இருந்தா மரியாதையாச் சொல்லிட்டுப் போ. எந்தக் கம்பெனி? சொல்லு!"

ககேன் பேசாமல் நின்றான். கண் மட்டும் முதலாளியின் பின்னந்தலையோடு போய் வந்தது.

"பார்த்தீங்களா, வாயைத் திறக்க மாட்டேங்கிறான். அப்ப உண்மைதான்."

விளக்குக்காரன், தருலதா, நிலாக்ஷி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரபி போய் முதலாளியின் தோளைப் பிடித்து ககேனின் பக்கம் திருப்பினாள். அப்படி யாரும் அவரைத் தொட்டதில்லை.

"முகத்தைப் பார்த்துக் கேளுங்கண்ணே."

"என்னம்மா இது?"

"கேளுங்க."

ஹரேன் மேதி ஒன்றும் புரியாமல் கேட்டார். "வேற கம்பெனிக்குப் போறியா?"

"இல்லண்ணே!" என்றான் ககேன் உடனே. "யாரு சொன்னது அப்படி?"

"இப்பத்தானே அவ்வளவு நேரம் கேட்டேன்?"

ககேன் கரபியைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் கேட்கவில்லை.

"அவருக்குக் காது கேக்கலண்ணே. அதான் முன்வரிசை. நான் பேசுறதை வாயைப் பார்த்துக் காத்து போடுறாரு. இன்னிக்கு நான்தான் திரும்பிட்டேன். தப்பு என்னுது."

ஹரேன் மேதி ககேனின் காதையும் கரபியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலாளியின் முகத்தில் பழைய சந்தேகம் திரும்பியது.

"காது கேக்காத ஆளை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா புயல் காட்டுறது?"

"சீசன் ஆரம்பிச்சதிலேர்ந்து அப்படித்தானே காட்டுறீங்க."

"ரெண்டாவது ஆட்டத்துல அவன் பக்கத்துல நான் உக்காருறேன். அப்புறம் பார்க்கலாம்." அவர் வேகமாகப் போனார்.

ககேன் விறுவிறுவென்று கூடாரத்துக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் எட்டும் கடுகு வயல் ஓரம்வரை நடந்தான். கரபி ஓடிப் போய் முன்னால் நின்றாள்.

"ஏன் சொன்ன? அடுத்த வருஷம் யாரு என்னைச் சேர்த்துப்பா?"

"நீங்க ஏன் சொல்லல? நான் என்னவெல்லாம் நினைச்சேன் தெரியுமா? அந்தப் பொண்ணோட..."

"யாரோட?"

"விடுங்க."

அவன் அவள் உதட்டையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "எல்லார் குரலும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. முதல்ல போனது உன்னோடது. சன்னமான குரல் இல்லையா, அதான். அதை உன்கிட்டயே எப்படிச் சொல்லுவேன்?"

கரபி இன்னும் நெருங்கி வந்தாள். அவன் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். அவன் பார்க்கட்டும் என்று காத்திருந்து, பிறகு சொன்னாள். "இனிமே இப்படித்தான் பேசுவேன். குனிஞ்சீங்கன்னா பாதித் திட்டு வீணாப் போயிடும்."

இரண்டாவது ஆட்டத்தில் ஹரேன் மேதி ககேனின் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் அவன் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ககேன் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கரபி சபையைப் பார்த்து வரியைச் சொன்னாள். காற்று வந்தது. படகு முழுகும் இடத்தில் எழுதியிருந்ததைவிட அவள் சற்று அதிக நேரம் நிறுத்தினாள். காற்றும் நின்று காத்திருந்து, அவளோடு சேர்ந்து சீறியது. முதலாளி முதல் முறையாகத் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார்.

திரை விழுந்ததும் அவர் ககேனின் முழங்காலைத் தட்டித் தன் பக்கம் திருப்பினார். வாயை அகலத் திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"சீசன் முடிஞ்சதும் கௌஹாத்தியில காது டாக்டரைப் பாரு! காலையில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வாங்க!"

"கத்தாதீங்கண்ணே, புரியுது" என்றான் ககேன்.

"உனக்குப் புரியுதுடா. உன் பெண்டாட்டிக்குச் சொல்லு. இன்னொரு தடவை முதுகைக் காட்டினா, அவ சம்பளத்துலதான் கை வைப்பேன்."