அனாதைக்குக் கல்யாணம்

எங்கள் ஆய்வகத்தில் ஐந்து வருடமாக ஓர் அனாதையை வளர்த்துவந்தோம். சோறு கேட்காது, துணி கேட்காது. வலியை உணரும் நரம்பு செல்களின் மேல்தோலில் குந்தியிருக்கும் ஒரு புரதம் அது. ஏற்பி என்பார்கள். ஒவ்வோர் ஏற்பியையும் தட்டி எழுப்ப உடம்பில் ஏதாவது ஒரு மூலக்கூறு இருக்க வேண்டும். இதற்கு எது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவற்றை அனாதை ஏற்பி என்று எழுதுவதுதான் துறை வழக்கம். விஞ்ஞானிகளுக்கு உணர்ச்சியே இல்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அனாதைக்கு இருந்த ஒரே சொந்தம் இல்வா. எங்களோடு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். இந்த ஏற்பி இல்லாத எலிகள் சூடான தட்டில் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் காலைத் தூக்கிவிடுகின்றன என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அதாவது இது வலிக்கு பிரேக். பிரேக்கை மிதிக்கிற கால் எது என்பது மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தால் புது வலி மருந்து, கிடைக்காவிட்டால் ஆய்வேடு. இல்வா ஆய்வேடு எழுதினாள். அட்டையில் ‘வலி நரம்பில் ஓர் அனாதை’ என்று பெரிதாகப் போட்டு அச்சடித்தும் வந்துவிட்டது.

அச்சடித்தால் முடிந்ததா? இங்கே ஸ்வீடனில், வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால், ஆய்வேட்டை எழுதியவர் கூடத்தில் தொங்கும் மரப்பலகையில் தன் கையாலேயே அதை ஆணி வைத்து அறைய வேண்டும். அறைந்தபின் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. நான் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமைதான் இல்வாவுக்கு அதற்குக் கடைசி நாள். தவறினால் தேர்வு இலையுதிர் காலத்துக்குப் போய்விடும். அவளுடைய வேலை ஒப்பந்தமோ நடுக்கோடைத் திருவிழாவோடு முடிகிறது. பட்டமில்லாமல் அடுத்த வேலை கிடைக்காது.

பலகை முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். நுண்ணோக்கி அறையைப் பார்த்துக்கொள்ளும் சிக்ஸ்டன், பச்சைப் பாதாம் மாவு போர்த்திய கேக்கை ஏந்திக்கொண்டு நின்றான்.

“சீக்கிரம் அடிம்மா. கேக்குக்கு வேர்க்குது.”

“உனக்குத்தான் வேர்க்குது. கேக்கு மேல பழியப் போடாத” என்று இல்வா சுத்தியலை ஓங்கினாள்.

“நிறுத்து.”

படியேறி ஓடிவந்தது குன்வோர், எங்கள் பேராசிரியர். பேராசிரியரானாலும் இங்கே பெயரும் ‘நீ’யும்தான். அவர் சொட்டளக்கும் பைப்பெட்டைக் கடைசியாகத் தொட்டது எந்த ஆண்டு என்பது வரலாற்றுத் துறை ஆராய வேண்டிய விஷயம். அன்று கையுறையோடு வந்தார்.

“ஏன் குன்வோர், ஆணி கோணலா இருக்கா?”

“தலைப்பே கோணலா இருக்கு. உன் அனாதைக்கு ஜோடி கிடைச்சாச்சு. எனக்குச் சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கே, இல்ல? நானே பாத்துட்டேன்.”

“எதப் பாத்தே?”

“உன் ஃபிரிட்ஜ் பெட்டியில இருந்த குப்பிய. எடுத்து உன் செல்லுல ஊத்தினேன். தட்டு பூரா லூசியா பண்டிகை மெழுகுவத்தி ஊர்வலம் மாதிரி மினுக்குது.”

ஏற்பி விழித்துக்கொண்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறும். ஏறினால் செல் மின்னும். ஐந்து வருடம் இல்வா அந்த மினுக்கலுக்குத்தான் காத்திருந்தாள். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஊற்றிப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூட மின்னியதில்லை.

சுத்தியல் மெதுவாகக் கீழே இறங்கியது.

“இப்ப இத அறைஞ்சா தெரிஞ்சே பொய்ய அறையற மாதிரி” என்றார் குன்வோர். “இலையுதிர் காலத்துல புதுத் தலைப்போட அறை.”

“அதுவரைக்கும் நான் எதத் திங்கறது?”

“கேக் இருக்கு” என்றான் சிக்ஸ்டன். யாரும் சிரிக்கவில்லை.

இல்வா ஆய்வேட்டின் அட்டையைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி வேலையில்லாத் திண்டாட்டம். பிறகு நிமிர்ந்தாள்.

“எந்தக் குப்பி, குன்வோர்?”

“‘யிஃப்ட்’னு எழுதி வச்சிருந்தியே, அது. பக்கத்துல இதயம் வேற வரைஞ்சிருந்தே.”

எங்கள் மொழியில் யிஃப்ட் என்றால் கல்யாணமானவர். யிஃப்ட் என்றால் விஷம் என்றும் அர்த்தம். இதை வைத்து ஸ்வீடனின் மாமாக்கள் அத்தனை பேரும் கல்யாண விருந்துகளில் ஒரே நகைச்சுவையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

“அது இதயம் இல்ல. மண்டையோடு” என்றாள் இல்வா.

“மண்டையோடு சிரிக்குமா?”

“எல்லா மண்டையோடும் சிரிக்கத்தான் செய்யும். அது விஷம், குன்வோர். செல்லுல ஓட்ட போட்டுக் கால்சியத்த உள்ள விடும். கருவி வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு வச்சிருக்கேன். எதுல ஊத்தினாலும் மின்னும்.”

“விஷமே அந்த ஏற்பியத் தட்டியிருக்கலாமே?”

“ஏற்பி இல்லாத செல்லுலயும் ஊத்திப் பாத்தியா?”

குன்வோர் கூரையைப் பார்த்தார். முதல் வருட மாணவர்களை இந்தக் கேள்வி கேட்டு அழவைப்பவர் அவர்.

எல்லோரும் கீழே இறங்கினோம். சிக்ஸ்டன் கேக்கோடு செல் அறைக்குள் நுழையப் பார்த்தான். சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டோம். ஏற்பியே இல்லாத செல்கள் இருந்த தட்டை எடுத்து இல்வா ஒரு சொட்டு விட்டாள். திரையில் செல்கள் கறுப்பாகக் கிடந்தன. மின்னாமலிருந்தால் மருந்து. மின்னினால் வேலை. அவள் எதை வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே தெரிந்திருக்காது.

தட்டு முழுக்க மின்னியது.

“என்னாச்சு?” என்றது வாசலில் கேக்.

“இன்னும் அனாதைதான்” என்றேன்.

ஒருவருக்குச் சொந்தபந்தம் இல்லை என்று உறுதியானதற்காக ஒரு கூட்டமே கைதட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இல்வா கைதட்டவில்லை. திரை அணையும்வரை பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துவிட்டாள்.

மேலே வந்ததும், பரிகாரமாக ஆணியைத் தானே பிடித்துக்கொள்வதாக குன்வோர் சொன்னார். இல்வா ஓங்கி அடித்தாள். ஆணி இறங்கியது. அனாதை பலகையில் தொங்கியது, கொஞ்சம் சாய்வாக.

குன்வோர் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன.

“ஒருவேள நான் சொன்னது நிஜமா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“உன் கட்டைவிரல்ல ஒண்ணு போட்டிருப்பேன்” என்றாள் இல்வா. “அப்புறம் அந்த மருந்த நானே தடவி விட்டிருப்பேன்.”