சக்கோத்ரா

ஏசுதாஸின் கை நடுங்கியதில் பிரஷர் மெஷினின் ரப்பர் குழாய் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது. நூற்று எழுபத்தெட்டு. ஜோஸ்பின் பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றினாள். நூற்று எண்பது. சிறுநீரகம் மாற்றிய ஏழு மாதத்தில் நூற்று முப்பதைத் தாண்டாத எண். நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததை ஓங்கி அடிக்கிறது என்று அவர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அசையவில்லை.

"இன்னைக்கு சர்ச்சுல பூசை நம்ம பேருல வச்சிருக்குல்லா. நாளைக்குப் போவலாம்."

அவருக்குள் வேலை செய்வது அவளுடைய சிறுநீரகம். அவருக்குத் தலை வலித்தால்கூட, தன் பிள்ளை அடுத்த வீட்டில் போய் எதையோ உடைத்துவிட்டதுபோல் அவளுக்குக் கூசும். உப்பைக் குறைத்தாள். கருவாட்டை வாசலோடு நிறுத்தினாள். இதே நகரத்தில் சீத்தா கேம்ப் பகுதியில் இருக்கும் நாத்தனார் விஜயராணி, சொந்த ஊரிலிருந்து ரயிலில் வந்த பம்பளிமாஸில் ஒரு பை நிறையக் கொடுத்து, இருதயத்துக்கு இதைவிட நல்லது கிடையாது என்றாள். பத்து நாளாக ஜோஸ்பின் தினம் காலையில் தடித்த தோலை உரித்து, சுளைகளின் வெள்ளைத் தோலையும் நீக்கி ஊட்டாத குறையாகக் கொடுத்துவந்தாள். நேற்றோடு பை காலி. பிரஷர் ஏறியிருக்கும் நாளிலா அது தீரவேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு தொண்ணூறடி சாலைக்கு நடந்தாள்.

பழக்கடை தௌசீப்புக்குப் பம்பளிமாஸ் என்றால் புரியவில்லை. இரண்டு கையாலும் அளவு காட்டினாள். உள்ளே வெளிர்சிவப்பு, கொஞ்சம் கசக்கும் என்று தெரிந்த இந்தியில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே அந்தப் பழத்துக்கு இங்கே உள்ள பேரைச் சொன்னான்.

"சக்கோத்ரா போலோ நா, சாச்சி."

அந்தச் சொல்லை அவள் கேட்டிருக்கிறாள். சிறுநீரகம் மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த இந்தித் தாளை மகள் ரீனா வாசித்துக் காட்டிய அன்று. கேட்காமல் வலி மாத்திரை கூடாது, நாட்டு மருந்து கூடாது, சக்கோத்ரா கூடாது. அது என்னட்டி என்று கேட்டதற்கு, ஏதோ ஃபாரின் பழமா இருக்கும், நாம எங்க வாங்கப் போறோம் என்று ரீனா அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

கடை ஓரத்தில் நின்றே ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள். நர்ஸ் கத்தவில்லை; அதுதான் பயமாக இருந்தது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரையை அந்தப் பழம் அளவுக்கு மேல் ரத்தத்தில் தேக்கிவைக்கும், சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சேர்த்து அடிக்கும் என்றாள். காலை மாத்திரையைப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வரவேண்டும், முதலில் ரத்தம் எடுக்கவேண்டும். ஏசுதாஸ் மாத்திரை போடுவது ஒன்பது மணிக்கு. அப்போது எட்டு ஐம்பத்திரண்டு.

அவருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். பிறகு ஓடினாள். சந்துக்குள் துணி அலசிக்கொண்டிருந்தவள் காலை மடக்கி வழிவிட்டு, "யக்கா, ரேஷன்ல ஏதும் சும்மா குடுக்கானா?" என்றாள்.

வீட்டில் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த போனை நடுங்கும் விரலால் தேய்த்துப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறார். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. தம்ளர் உதட்டருகே போயிருந்தது.

"முழுங்காதீங்க."

டாக்டர் திடீரென்று கூப்பிட்டார் என்று ஒரு பொய் நாக்குவரை வந்தது. ஆனால் எத்தனை நாள், எத்தனை பழம் என்று அங்கே கேட்பார்கள். அவர் பக்கத்தில்தான் இருப்பார்.

"அந்தப் பழந்தான் உங்களைக் கெடுக்குது. நாந்தான் குடுத்தேன்."

அவர் மாத்திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிட்னியும் நீதான் தந்த. இதையும் நீதான் தந்தியாக்கும்."

கேலியா என்று முகத்தில் தேடினாள். தெரியவில்லை. அவர் தம்ளரை வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

கேஷுவல்டியில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மெஷினைத் தட்டினார்கள். கட்டம் போட்ட தாள் மெதுவாக வெளியே வந்தது. கோடு ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் வெகுநேரம் படுத்தே கிடந்தது, பிறகு எழுந்தது. டாக்டர் இன்னும் நீளமாக எடுக்கச் சொன்னார். தாள் சுருண்டு தரையை நோக்கி இறங்கியது. அது தரையில் படாமல் ஜோஸ்பின் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.