பூட்டியிருக்கிறது என்று சொன்ன கொட்டகை

பகான் போகும் விமானம் ரத்தாகிவிட்டது என்பதை அப்துல் அஜீஸிடம் சொல்லும் வேலை சமீனாவின் தலையில் விழுந்தது. பர்மாவில், யாங்கோனில் அந்தச் சிறிய சுற்றுலா கம்பெனியில் தமிழ் பேசத் தெரிந்த வழிகாட்டி அவள் ஒருத்திதான். அது 2006 டிசம்பர்.

அஜீஸுக்கு அறுபத்தெட்டு வயது. நாகூர்க்காரர். தொல்லியல் துறையில் முப்பது வருஷம் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எழுத்தைத் தாளுக்குக் கொண்டுவருகிற வேலை. பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஓய்வுபெற்ற பிறகு கிளம்பி வந்திருந்தார்.

"அடுத்த பிளேன் எப்பம்மா?"

"மூணு நாள் கழிச்சுத்தான் சீட்டு இருக்காம், மாமா. நீங்க நாளன்னிக்கு ஊருக்குத் திரும்பணுமே."

அவர் ஹோட்டல் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, வேற பழைய எடம் எதுனாலும் காட்டு" என்றார்.

பகான் இல்லாவிட்டால் பெகு என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். காலையில் போய் மூன்று மணிக்குள் யாங்கோன் திரும்பி, எல்லோரையும் ரத்தினக் கடையில் இறக்கிவிட வேண்டும். போன தடவை தாமதமானதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தாராம். இன்னொரு தடவை அப்படி ஆனால் வேறு வழிகாட்டி பார்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார்.

மறுநாள் வேனில் ஐந்து பேர் ஏறினார்கள். அஜீஸைத் தவிர மற்ற நால்வரும் சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பம். வழியெல்லாம் மாணிக்கக் கல்லின் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

பெகுவில் அரண்மனை வெயிலில் பொன்னாக மின்னியது. மனப்பாடமாக இருந்ததைச் சமீனா ஒப்பித்தாள்: நானூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனை, தங்கத் தகடு போர்த்த கூரை, மன்னரின் சிங்காசனம். குடும்பம் படம் எடுத்துக்கொண்டது. அஜீஸ் ஒரு தூணருகே போய் விரல் மடக்கித் தட்டினார்.

"இது சிமெண்ட்டும்மா."

"ஆமா மாமா. பழசு எரிஞ்சு போச்சு. இது கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி கட்டினது."

"அதை நீ சொல்லலையே."

அவர் கோபமாகக் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நெசமாவே பழசா எதுவும் மிச்சம் இருக்கா?"

"தோண்டினப்போ பழைய தேக்குத் தூணோட அடிக்கட்டைங்க கிடைச்சுது. பக்கத்துல கொட்டகையில வச்சிருக்காங்க."

"அதைக் காட்டேன்."

மணி ஒன்று ஆகப்போனது. டிரைவர் வேனைத் திருப்பி நிறுத்தியிருந்தார். சமீனா அந்தக் கொட்டகைக்குள் ஒருநாளும் போனதில்லை. கட்டையைப் பார்க்க எந்தப் பயணியும் கேட்டதில்லை.

"இன்னைக்குப் பூட்டியிருக்கு, மாமா."

அஜீஸ் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினார். ரத்தினக் கடையில் வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், கடைசிவரை ஒரு கல்லையும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் சமீனாவிடம், "உம்மாவுக்கு என் சலாம் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகப் பெகு போனவள், மனசு கேட்காமல் அந்தக் கொட்டகைக்குப் போனாள். அரைக்கதவு திறந்தே கிடந்தது. கறுத்துப் போன தேக்குக் கட்டைகள் வரிசையாக நின்றன. பலவற்றில் எழுத்து வெட்டியிருந்தது. அது என்ன எழுத்து என்று காவல்காரரிடம் பர்மியில் கேட்டாள்.

"மோன் மக்களின் பழைய எழுத்து. எந்த ஊரிலிருந்து வந்த தூண் என்று அந்தந்த ஊர்க்காரர்கள் வெட்டி அனுப்பியது" என்றார் அவர்.

கல்யாணத்துக்காக இரவல் வாங்கியிருந்த கேமராவில் இருந்த ஃபிலிம் முழுவதையும் அந்தக் கட்டைகளுக்கே செலவழித்தாள்.

கம்பெனிப் பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்துப் படங்களை நாகூருக்கு அனுப்பினாள். கொட்டகை இப்போது திறந்திருக்கிறது என்று கூடவே ஒரு வரி எழுதினாள். அப்போதும் உண்மையை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

ஏப்ரலில் பதில் வந்தது. சமீனா தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் படிப்பாள் என்பதால் உம்மா வாசித்துக் காட்டினாள்.

"படம் கிடைச்சுது. எழுத்து தெளிவா இல்லை, ஆனாலும் லென்ஸ் வச்சு ரெண்டு நாள் பார்த்தேன். அன்னைக்கே கதவு திறந்துதான் இருந்தது, மகளே. ஒருத்தர் துடைப்பத்தோட உள்ளே போனதைப் பார்த்தேன். உனக்கு ஏதோ நெருக்கடின்னு புரிஞ்சுது, அதனால கேக்கலை. கேட்டிருக்கலாம். அஞ்சு நிமிஷம் போதும்னு சொல்லியிருந்தா நீ விட்டிருப்பே. இனி அவ்வளவு தூரம் வர உடம்பு இடம் கொடுக்காது."

உம்மா கடிதத்தை மடித்தபடி, "என்ன கதவு?" என்று கேட்டாள். சமீனா முதல்முறையாக நடந்ததை வாய்விட்டுச் சொன்னாள். உம்மா திட்டவில்லை. "மன்னிப்புக் கேட்டு எழுது" என்றாள்.

எழுதினாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் நாலு வரி எழுத ஒரு மாலை முழுக்க ஆனது. அதற்குப் பதில் வரவில்லை. அந்தச் செப்டம்பரில் யாங்கோன் தெருக்களில் பிக்குகளின் ஊர்வலமும் ராணுவத்தின் துப்பாக்கிச் சத்தமுமாகி, பயணிகள் வருவது நின்றுபோனது. கம்பெனியை மூடினார்கள். சமீனா யாங்கோன் புறநகரான லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தாள். கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.