சரிவு மாறிய கத்தி

ஹெர்மினியா இடக்கைக்காரி. மத்தகல்பா மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் அவளும் புருஷன் எவெலியோவும் களை வெட்டினார்கள். இருவர் கத்தியையும் தீட்டுவது அவன்தான். அவன் தன் வரிசையை முடித்து நிழலில் உட்காரும்போது அவள் பாதியில் நிற்பாள். அவளுடைய கத்தி மண்ணைக் கொத்தும், கல்லில் மோதும், பத்து மணிக்கே மழுங்கிவிடும்.

“புல்லு வெட்டச் சொன்னா இவ கல்லு உடைக்கிறா,” என்பான். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சோளரொட்டி தின்றபடி கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். கத்தி வாயின் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது, மறுபக்கம் தட்டை. வலக்கையில் பிடித்து வீசினால் சரிவு மண்ணைப் பார்க்கும், கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அவள் இடக்கையில் சரிவு வானத்தைப் பார்த்தது, தட்டைப் பக்கம் மண்ணில் குத்தியது.

சனிக்கிழமை, தட்டைப் பக்கத்தையும் சரிவாக்க ஏதாவது வாங்கலாமென்று லியோனோரின் இரும்புக் கடைக்குப் போனாள்.

“சாணை மெஷின் எடுத்துக்கக்கா. ரெண்டு நிமிஷ வேலை,” என்றாள் லியோனோர்.

“சூடேறி இரும்பு நீலம் பாஞ்சுடும். அப்புறம் கூர் நிக்காது.”

“அப்ப தீட்டுக்கல்லு?”

“இந்தப் பக்கம் முழுசா இரும்பை எடுக்கணும். வெறுங்கல்லுல தேய்ச்சா கிறிஸ்துமஸ் வந்துடும்.”

அரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் வருடினாள். மூன்று வழுக்கின. பல் நன்றாகக் கடித்த ஓரடி அரத்தை எடுத்துக்கொண்டாள். கடைசியில் பிசிறு நீக்க ஒரு சின்னக் கல்லும் வாங்கினாள்.

“வீட்டுக்காரருக்கா?”

“எனக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை கத்தியைப் பலகையோடு இறுக்கிக் கட்டி, தட்டைப் பக்கத்தில் அரத்தை முன்னோக்கித் தள்ளினாள். இழுக்கும்போது தூக்கிவிட்டாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. மணிக்கட்டு வீங்கியது.

“நல்ல கத்தியை ஏன் பாழாக்கற?” என்றான் எவெலியோ, வலை ஊஞ்சலில் படுத்தபடி.

“இனிமே என் கத்தியை நானே தீட்டிக்கறேன்.”

திங்கட்கிழமை அவள் அவனை முந்தவில்லை. ஏழெட்டுச் செடிகள் பின்தங்கி வரிசையை முடித்தாள். மதியம்வரை கத்தி மழுங்கவில்லை. எவெலியோ அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவி, இரண்டு முறை புரட்டிப் பார்த்தான்.

வீட்டுக்கு இறங்கும் வழியில் சொன்னான்: “இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாமே.”

“எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது. தீட்டுனவன் நீ.”

ஓடையைத் தாண்டும்போது அவன் அவளுடைய சாப்பாட்டுக் கூடையையும் வாங்கிக்கொண்டான். கத்தியை அவள் கொடுக்கவில்லை.