காலையில் மட்டும் வரும் பழுது

செபஸ்தியன் அந்த வீட்டுக்கு மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தபோது பகல் பதினொன்றரை. கொழும்புக் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு இன்னொன்று. யுத்த காலம்; வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்கள். குறடு எதற்கு, நூற்சுருள் எதற்கு என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். குழாய்த் துண்டுக்குத்தான் விளக்கம் நீண்டது. இருபது வருடமாகச் செய்கிற குழாய் வேலையைத் தினமும் துப்பாக்கியோடு நிற்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது வேலையைவிட அலுப்பாக இருந்தது.

நாகேந்திரம் படலையைத் திறந்தார். நில அளவைக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரிக்கு மூட்டுவாதம். காலையில் விரல்களை மடக்க முடியாது. சுடுதண்ணீர் தோளில் விசையாக விழுந்தால் கொஞ்சம் இளகும் என்று, லண்டனிலிருக்கும் மகன் ஷவரையும் அதற்கு ஒரு பம்பையும் அனுப்பி வைத்திருந்தான். ஒரு வருடம் நன்றாகத்தான் வேலை செய்தது. இப்போது மூன்று மாதமாக, ஜெகதீஸ்வரி குளிக்கத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் பம்ப் கத்தும். பிறகு குளிர்தண்ணீர் மட்டும்தான்.

முதல் முறை செபஸ்தியன் பம்பின் வடிகட்டியைக் கழுவினான். இரண்டாம் முறை குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, தண்ணீரைச் சுடவைக்கும் கீசரையும் சரிபார்த்தான். இரண்டு முறையும் அவன் கண்முன்னே சுடுதண்ணீர் நிற்காமல் வந்தது. இரண்டு முறையும் மறுநாள் காலை நாகேந்திரம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

இன்றும் திறந்து பார்த்தான். ஆவி பறக்க வந்தது.

"இப்ப வருது," என்றார் நாகேந்திரம், பொய் சொல்லிப் பிடிபட்டவர் போல.

"மேல கூரையில தண்ணித் தாங்கியப் பாக்கணும் ஐயா."

"அதுதான் சொன்னனே. முன் பிளாட்டின்ரை மொட்டைமாடியிலை ஆமிச் சென்றி இருக்கு. ஆரும் கூரையிலை நடமாடினால் வந்து நிண்டு கேட்பாங்கள்."

"அப்ப காலையில, அது நிக்கிற நேரத்துக்கு நான் இங்க இருக்கணும்."

"விடிய ஆறு மணிக்கு வரேலாதோ?"

"அதுக்கு நாலரைக்கு வெளிக்கிடணும். அந்த இருட்டுல இந்தப் பையோட வந்தா, உங்கட பம்பை இல்ல, பொலிஸ் கூட்டைத்தான் பாப்பன்."

ஆகவே இரவு தங்குவதென்று முடிவாயிற்று. தமிழர் வீட்டில் வெளியாள் தங்குவதென்றால் பொலிஸில் பதிய வேண்டும். செபஸ்தியன் மனைவி மெற்றில்டாவுக்கு அறிவிக்கத் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்தான். பிறகு இருவரும் வீட்டுப் பதிவுப் பத்திரத்துடன் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். நாகேந்திரம் ஒரு தரம் தூங்கி விழுந்தார்.

"ஏன் தங்குகிறாய்?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"ஷவர் பழுது, மாத்தயா. காலையில்தான் தெரியும்."

சார்ஜன்ட் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவருக்கும் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. செபஸ்தியன் கூரைத் தாங்கியைப் பற்றியும் சொல்லிவிட்டான்.

"வெளிச்சம் வந்த பிறகு ஏறு. கையில் ஒன்றும் கொண்டு போகாதே. நான் சொல்லி வைக்கிறேன்." பத்திரத்தில் எதையோ எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்து நாகேந்திரம் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "உறவினர் எண்டு எழுதியிருக்கிறான்."

"எழுதட்டும் ஐயா," என்றான் செபஸ்தியன்.

அன்றிரவு செபஸ்தியன் ஒரு நாற்காலியில் கிடந்தான். மறுநாள் ஆறு மணிக்கு நாகேந்திரம் குளித்தார். அடுத்து, முன்னறையில் வாடகைக்கு இருந்து விசாவுக்காகக் காத்திருக்கும் சுந்தரலிங்கம். மூன்றாவதாக ஜெகதீஸ்வரி போனார். சற்று நேரத்தில் பம்ப் கத்தியது. உள்ளே அவர் "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

செபஸ்தியன் வெறுங்கையோடு ஏணியில் ஏறினான். முன் மாடியிலிருந்த சிப்பாய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். தாங்கியின் மூடியை விலக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே இரண்டு துவாரங்கள். குளிர்தண்ணீர்க் குழாய் கீழே, கீசருக்குப் போவது ஒரு சாண் மேலே. தண்ணீர் குறைந்தால் சூடு முதலில் நிற்கட்டும், ஆள் வெந்துவிடக் கூடாது என்று அப்படி வைப்பது வழக்கம். மேல் துவாரம் இப்போது தண்ணீருக்கு வெளியே நின்று காற்றை உறிஞ்சியது. மிதக்கும் பந்தைத் தாங்கும் கம்பி கீழ்நோக்கி வளைந்திருந்ததால், தாங்கி பாதி நிறையும் முன்பே பந்து உள்ளே வரும் தண்ணீரை அடைத்துவிட்டது. அந்தப் பாதி இரண்டு பேருக்குத்தான் போதும். பகலில் அவன் வரும்போது தண்ணீர் மறுபடி அந்தத் துவாரத்துக்குச் சற்று மேலே வந்திருக்கும்.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினான். தண்ணீர் சீறிக்கொண்டு விழத் தொடங்கியது. இரண்டு நிமிட வேலை.

இறங்கி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஐயா, ஆராவது தாங்கியத் திறந்தவங்களா?"

நாகேந்திரம் யோசித்தார். "மூண்டு மாதத்துக்கு முந்தி, செக்கிங்குக்கு வந்த ஆமிக்காரர். துவக்குப் பிடியை உள்ளுக்கை விட்டுக் குத்திப் பார்த்தவங்கள்." பிறகு, "தண்ணிதான் இருந்தது," என்றார்.

தாங்கி நிறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஜெகதீஸ்வரி பாதி நனைந்த தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினி வாசலில் இருந்தார். மறுபடி போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தானே தலைவாரியிருந்தார். வகிடு கோணல்தான்.

"நீங்களும் குளிச்சிட்டுப் போங்கோ தம்பி. இரவிரவாய்க் கதிரையிலைதானே கிடந்தனீங்கள்."

வேண்டாமென்றான். அவர் புதுத் துவாய் ஒன்றைக் கையில் திணித்தார்.

எத்தனையோ வீடுகளில் ஷவர் பூட்டியிருக்கிறான். கையை நீட்டிச் சூடு பார்ப்பதோடு சரி. சுடுதண்ணீர் பிடரியில் விழுந்ததும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டான். திரும்பிப் போகும் பஸ்ஸும், மறுபடி கொட்டவேண்டிய பையும் நினைவுக்கு வந்தன. கண்ணை மூடிக்கொண்டான்.

"சுடுதண்ணி வருதோ?" என்று கதவுக்கு வெளியே நாகேந்திரம் கேட்டார்.

"வருது ஐயா," என்றான். ஷவரின் திருகை இன்னும் மூடவில்லை.